சிமெண்ட் சீட்டுக்குக் கீழே ஒரு மதிய உறக்கம்

அடுத்தவர் வீட்டில் போய் மதியம் படுத்துப் பார்ப்பதுதான் என் தொழில். கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் சங்கரன்கோவிலில் ஏழு வருசமாக என் வீட்டில் அடுப்பு எரிவது இதில்தான். டிப்ளமோ சிவில் படித்துவிட்டு ஒரு பிளான் ஆபீஸில் பதினாலு வருசம் மற்றவர்களுக்கு வீடு வரைந்து கொடுத்தேன். வந்தவர்கள் எல்லாரும் முன்பக்கம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்றார்கள். உள்ளே இருப்பவர் வெந்துபோவாரா என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த உறுத்தலில்தான் ஆபீஸை விட்டுவிட்டு, கட்டி முடித்த வீட்டின் சூட்டைக் குறைத்துக் கொடுக்கிற வேலையில் இறங்கினேன். மாடிக்குச் சுண்ணாம்பு, மழைத் தண்ணீருக்கு ஒரு குழி, குளித்த தண்ணீரில் நாலு செடி, மூடிக் கிடக்கிற சுவரில் ஒரு ஜன்னல். கையைக் கடிக்காமலும் மண்ணைக் கெடுக்காமலும் எது முடியுமோ அது. கூட முத்தையா கொத்தனார் இருக்கிறார். நான் யோசிப்பேன், அவர் செய்வார், செய்துகொண்டே என்னைத் திட்டுவார்.

அளவெடுக்கப் போகும்போது டேப்போடு ஒரு கோரைப்பாயையும் சுருட்டிக்கொண்டு போவேன். மதியம் ஒரு மணிக்கு மேல், அந்த வீட்டில் ஆள் புழங்குகிற அறையில் பாயை விரித்து அரை மணி நேரம் படுப்பேன். எனக்கு உறக்கம் வந்துவிட்டால் அந்த வீட்டுக்கு நான் தேவையில்லை. எழுந்து ஒரு காபி குடித்துவிட்டு வந்துவிடலாம். இந்த ஏழு வருசத்தில் அப்படி ஒரு காபியும் குடித்ததில்லை. பங்குனி பிறப்பதற்குள்ளேயே ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஃபேன் அனல் காற்றை வாரி இறைப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிற சக ஜீவன்களே, உங்களுக்குத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

மகள் வருவதற்குள்

மாசி மாத ஆரம்பத்தில் வேலுச்சாமி அண்ணாச்சி என்னைத் தேடி வந்தார். பக்கத்துத் தெருவில் ஒரு முதலாளியின் தறிக்கூடத்தில் ரெண்டு விசைத்தறி ஓட்டுகிறவர். அவர் மனைவி ஆவுடையம்மாளுக்குப் போன வருசம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் தப்பித்தது. வீட்டின் முன்னறை ஒடுக்கமானது. கழிப்பறைக்குப் பக்கம் என்பதால் பின்னால் சிமெண்ட் சீட் போட்டு இறக்கிய அறையில் கட்டில் போட்டிருந்தார். டீ குடிக்க விடுகிற நேரத்தில் டீ குடிக்காமல் ஓடி வந்து மனைவியைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு ஓடுவாராம். ஒரே மகள் கோமதி கோயம்புத்தூரில் இருக்கிறாள். "அம்மா அந்த அறையில வெந்து சாவுறத என்னால பாக்க முடியாது. சித்திரையில பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிஞ்சதும் வாரேன். அப்பவும் இப்படியே இருந்துச்சுன்னா கூட்டிட்டுப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டாள். அவள் இருப்பதோ ஒற்றைப் படுக்கையறை வாடகை வீடு. அம்மாவுக்கு இடம் உண்டு, அப்பாவுக்குக் கிடையாது. "நாப்பது வருசம் ஆச்சும்மா. அவ இல்லாம நான் ராத்திரி கஞ்சி குடிச்சதில்ல" என்றார் அண்ணாச்சி, வேட்டி நுனியைப் பார்த்துக்கொண்டே.

மகள் ஏசி வாங்கித் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறாள். சீட்டுக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைகிற சந்து. அதில் ஏசி போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. பழைய ஒயர் வேறு தாங்காது. முதலில் வெயிலை உள்ளே விடாமல் இருக்கப் பார்ப்போம் என்றேன். வழக்கம்போலக் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தேன். தலைக்கு மேலே சீட் தோசைக்கல்லாகக் காய்ந்தது. பத்து நிமிசத்தில் நெஞ்சு அடைத்து, சேலை நனைந்து, எழுந்து முற்றத்துக்கு ஓடி வந்துவிட்டேன். திரும்பி உள்ளே போனபோது ஆவுடையம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"பத்து நிமிசத்துல எந்திச்சிட்டியேம்மா. எந்திக்க முடிஞ்சா நானும் ஒன் பின்னாலேயே ஓடி வந்திருப்பேன்லா?"

மாடியை யார் பார்க்கிறார்கள்?

அந்த வாரம் கையில் இருந்த வேலை, பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற ஒரு அண்ணாச்சியின் வீடு. வாசலில் கிரானைட், தூணில் டைல்ஸ், பால்கனியில் ரெண்டு சிங்கம். மாடித்தளம் மட்டும் கன்னங்கரேல் என்று கிடந்தது. மாடிக்குச் சுண்ணாம்பும் பசையும் கலந்து வெள்ளை அடித்தால் பாதி வெயில் பட்ட இடத்திலேயே திரும்பிப் போய்விடும் என்று நான் சொல்ல, அவர் என்னை நம்பாமல் கொத்தனாரைப் பார்க்க, கொத்தனார் வானத்தைப் பார்த்தார். கடை அண்ணாச்சியின் மனைவிதான் ஒரே பிடியாக நின்று சம்மதிக்க வைத்தார். மத்தியானச் சமையலை முடித்துவிட்டு அந்த அம்மா குளியலறைத் தரையில் போய் உட்கார்ந்திருப்பாராம், அங்கே மட்டும்தான் கொஞ்சம் குளிர்ச்சி என்று. இருபது வருசமாக அந்த வீட்டில் அது யாருக்கும் தெரியவில்லை.

வெள்ளை காய்ந்த பிறகு ஒரு மதியம் அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு மாடியில் மெல்ல ஒரு காலை வைத்தார், அப்புறம் இன்னொரு காலை. அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் நடந்தார். கீழே வந்து மனைவி ஹாலில் கால் நீட்டிப் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் வெளியே வந்தார். மிஞ்சியிருந்த சுண்ணாம்பை வேலுச்சாமி வீட்டுக்குத் தர முடியுமா என்று கேட்டேன். எடுத்துக்கொண்டு போகச் சொல்லித் தலையாட்டினார். ஆனாலும் மனசில் கிடந்த ஒரு குறையைச் சொல்லாமல் என்னை அனுப்ப அவரால் முடியவில்லை.

"எல்லாம் சரிதாம்மா. மாடியில அடிச்ச வெள்ளைய வாசல்ல அடிச்சிருந்தியன்னா நாலு பேரு பாத்திருப்பான்லா? மேல யாரு பாக்கா, பருந்தா?"

வெள்ளிக்கிழமைப் புற்று

ராஜபாளையம் ரோட்டுப் பக்கம் ஞானம் டீச்சர் வீடு. ரிட்டயர்டு தமிழ் டீச்சர், தனியாக இருக்கிறார். மழைத் தண்ணீர் எல்லாம் ரோட்டுக்கு ஓடுகிறது, தோட்டத்தில் ஒரு குழி வெட்டி இறக்கிக் கொடு என்றார். நான் சரிவு பார்த்து, குழாய் போகிற வழி பார்த்து, ஒரு இடத்தைக் குறித்தேன். குறித்த இடத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கறையான் புற்று. எங்கள் ஊரைப் பற்றித்தான் தெரியுமே. இங்கே கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம். கொத்தனார் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, "யம்மா, வேற ஆளப் பாத்துக்கோ" என்று துண்டை உதறித் தோளில் போட்டார். வீட்டுக்காரர் கிறிஸ்தவர்தானே, அவர் சொன்னால் இடித்துவிடலாம் என்று நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சரும் இடிக்கக் கூடாது என்றார். எனக்குப் புரியவில்லை.

குழியை மூலைக்குத் தள்ளி, குழாயை நாலு இடத்தில் வளைத்து, செய்யக் கூடாத கோணத்தில் எல்லாம் செய்து முடித்தோம். ஒவ்வொரு வளைவுக்கும் கொத்தனார் என்னை ஒரு தடவை திட்டினார். டீ குடிக்கும்போது வேலுச்சாமி அண்ணாச்சி வீட்டைப் பற்றிச் சொன்னேன். அறையின் மேற்குச் சுவரில் மத்தியானம் முழுக்க வெயில் விழுகிறது, கொடி ஏதாவது ஏற்றினால் தேவலை என்றேன். டீச்சர் உள்ளே போய், சர்ச் காணிக்கைக் கவர் ஒன்றில் பீர்க்கங்காய் விதை போட்டுக் கொண்டுவந்தார். "சீக்கிரம் ஏறும். அந்த அம்மாவுக்காக நான் ஜெபம் பண்ணுதேன்னு சொல்லு" என்றார். கவரை வாங்கிக்கொண்டு, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டேன்: உங்களுக்குப் புற்றில் நம்பிக்கை உண்டா டீச்சர்?

"எனக்கு எங்கம்மா நம்பிக்கை? தெருவுப் பொம்பளைங்க வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை பாலு ஊத்த வருவாளுக. ஊத்திட்டு ஒரு மணி நேரம் என்கூட உக்காந்து பேசிட்டுத்தான் போவாளுக. இத இடிச்சிட்டா வெள்ளிக்கெழமை யாரு என் வீட்டுக்கு வருவா?"

கடையநல்லூர் புல்தரை

கடையநல்லூரில் ஒரு புது வீடு. வீட்டுக்காரர் சவூதியில், மனைவி ஜன்னத் இங்கே. முன்னால் இருக்கிற சின்ன இடத்தில் என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கப் போனேன். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார் ஜன்னத். அதற்குள் இருந்து வீட்டுக்காரர், "லான் போட்டுருங்க மேடம்" என்றார். ஜன்னத் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "புல்லுக்கு ஊத்த தண்ணிக்கு எங்கன போவேன்க்கா? கறி வைக்கவும் ஆகாது, காசுக்கும் ஆகாது" என்று கிசுகிசுத்தார். நானும் ஜன்னத் கட்சிதான். இந்த ஊரில் புல்தரைக்குத் தண்ணீர் ஊற்றுவது பாவம் என்று பேசத் தொடங்கினேன். வீட்டுக்காரர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "நீங்க சொல்லுறது சரிதான். எனக்குக் காலையில எந்திச்சாலும் மணலு, வேலை முடிஞ்சு வந்தாலும் மணலு. போன்ல வீட்டப் பாக்கும்போது பச்சையா ஒண்ணு தெரியட்டுமேன்னு நெனச்சேன்" என்றார். தண்ணீரைக் கணக்குப் போடத் தெரிந்த எனக்கு இதை எங்கே வைத்துக் கணக்குப் போடுவது என்று தெரியவில்லை.

கடைசியில் புல்தரை மாதிரியே சதுரமாகப் பாத்தி கட்டி, அடர்த்தியாக அரைக்கீரை விதைத்தோம். வீட்டில் ஐந்து வேளைத் தொழுகைக்கும் கை, முகம், கால் கழுவி ஒளு செய்கிற தண்ணீர் வெறுமனே சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் குழாயடியில் இருந்து ஒரு வாய்க்கால் வெட்டிப் பாத்தியில் விட்டோம். மோட்டார் போட வேண்டிய வேலையே இல்லை. அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போதுதான், ஆவுடையம்மாளைக் குளிப்பாட்டுகிற தண்ணீரையும் இப்படியே பீர்க்கங்கொடிக்கு விடலாமே என்று உறைத்தது. மறுநாளே கொத்தனாரை வைத்து அதைச் செய்தேன். ரெண்டு மூணு வாரம் கழித்து ஜன்னத் கூப்பிட்டுச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். முந்தின வாரம் போனில் பார்த்த வீட்டுக்காரர், "மாஷா அல்லாஹ், புல்லு என்னமா வந்துருக்கு, பிள்ளைகள மிதிக்க விட்டுறாத" என்றாராம். இந்த வாரம் பாத்தி மொட்டையாக இருப்பதைப் பார்த்து, "எங்க, புள்ள, என் புல்லு?" என்று பதறினாராம். அதற்கு ஜன்னத் சொன்ன பதில்:

"நேத்து பருப்பு போட்டுக் கடைஞ்சாச்சு மச்சான். மறுபடி தளுத்து வரும், நீங்க வந்தியன்னா ஒங்களுக்கும் கடைஞ்சு தாரேன்."

கஞ்சி போட்ட கூரை

பங்குனி நடுவில் கொத்தனார் சொந்தக்காரர் கல்யாணத்துக்குச் சிவகிரிக்குப் போய்விட்டார். வேலுச்சாமி அண்ணாச்சி வீட்டுக் கூரைக்குச் சுண்ணாம்பு நீற்றித் தயாராக இருந்தது. பசை மட்டும் வாங்கவில்லை. கொத்தனார் வந்ததும் வாங்கிக்கொண்டு வந்து அடிப்பதாகப் பேச்சு. மூன்று நாள்தான். ஆனால் சித்திரை நெருங்க நெருங்க அண்ணாச்சிக்கு மூன்று நாளும் மூன்று மாதமாகத் தெரிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு. பக்கத்து வீட்டில் ஏணி வாங்கி, சீட் உடையாமல் இருக்கப் பலகை போட்டு ஏறிவிட்டார். பசைக்குப் பதிலாக அவருக்குத் தெரிந்த ஒன்றைக் கலந்தார். சின்ன வயதில் கைத்தறியில் பாவு நூலுக்குக் கஞ்சி போட்ட ஆள் அவர். நூலை முறுக்காக நிறுத்துகிற கஞ்சி சுண்ணாம்பை நிறுத்தாதா என்று ஒரு பானைக் கஞ்சியைக் காய்ச்சி ஊற்றிவிட்டார்.

கூரை பால் மாதிரி வெளுத்தது என்னவோ உண்மை. மறுநாள் காலையில் எறும்பு வந்தது. எறும்பைத் தேடி மைனா வந்தது. மைனாவைப் பார்த்துக் காக்கை வந்தது. சீட்டுக்கு மேலே பகல் பூராவும் டொக்கு டொக்கென்று கொத்தல். "மேல பந்தி நடக்கு, எனக்குத்தான் எல போடல" என்றாராம் ஆவுடையம்மாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு கோடை மழை வந்து மிச்சத்தை முடித்துவைத்தது. வெள்ளை மொத்தமும் கரைந்து சுவரில் வழிந்து, முழ உயரம் வந்திருந்த பீர்க்கங்கொடியில் வடிந்தது. நான் போனபோது அண்ணாச்சி ஒவ்வொரு இலையாகத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "கெடுத்துப்புட்டேம்மா. இன்னும் நாலு வாரம்தான் கெடக்கு" என்றார். அந்த வயதில் ஒரு ஆண் அழுவதை நேருக்கு நேர் பார்க்க முடியாமல் நானும் குனிந்து ஒரு இலையைக் கழுவினேன்.

மறுநாள் கொத்தனார் வந்தார். ஒரு செங்கல் கோணினாலே தலைமுறையை இழுத்துத் திட்டுகிறவர். இன்றைக்கு அண்ணாச்சி தொலைந்தார் என்று நான் நினைத்தேன். அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார், ஏணியைப் பார்த்தார், அண்ணாச்சியின் முழங்காலில் இருந்த சிராய்ப்பைப் பார்த்தார். பிறகு பசை டப்பாவைத் திறந்தார்.

"விடும்வே. பொண்டாட்டிக்கு வேர்க்குன்னு கூரையில ஏறுன ஆள நான் இந்தத் தொழில்ல இப்பந்தான் பாக்கேன். சுண்ணாம்பக் கரையும், இன்னைக்கே அடிச்சிருவோம்."

ஆவுடையம்மாள் கண்டுபிடித்த பிழைகள்

வெள்ளை அடித்ததும் சூடு குறைந்தது; ஆனால் போதவில்லை. பாயைப் போட்டுப் படுத்தேன். அரை மணி நேரம் தாக்குப் பிடித்தேனே தவிர உறக்கம் வரவில்லை. சீட்டுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு தடுப்பு இருந்தால் நன்றாக இருக்கும். தெர்மோகோல் வேண்டாம் என்று கொத்தனாரும் நானும் முதல் முறையாக ஒத்துப்போனோம். நாளைக்கு உடைந்தால் ஓடையில்தான் மிதக்கும். ஓலைப்பாய் தைக்கலாமா, மூங்கில் தட்டி கட்டலாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போது அண்ணாச்சி தயங்கித் தயங்கி, தறிக்கூடத்தில் பழுது விழுந்த வெள்ளைத் துணி கிடக்கிறது, முதலாளியிடம் கேட்டால் தருவார் என்றார். வேட்டிக்கு நெய்தது, நூல் அறுந்தும் இழை விட்டும் கழிவுக்குப் போனது. முதலாளி ஒரு கட்டாகவே கொடுத்துவிட்டார்.

ஒயரைச் சுவரோரமாக மாற்றி, சீட்டுக்கு ஒரு முழம் கீழே துணியை ரெண்டு அடுக்காக இழுத்துக் கட்டினோம். துணிக்கும் சீட்டுக்கும் நடுவே சேருகிற அனல் வெளியே போக, சுவரின் உச்சியில் ரெண்டு பக்கமும் கொத்தனார் ஓட்டை போட்டு, காற்றுப் போகத் துளை வைத்த ஜாலிக் கல்லைப் பதித்தார். கிழக்குச் சுவரில் கட்டில் உயரத்துக்கு ஒரு சின்ன ஜன்னலும் வந்தது. கட்டிலை அந்தப் பக்கம் திருப்பினோம். இப்போது படுத்தபடியே ஆவுடையம்மாளுக்கு முற்றமும், முற்றத்தின் வழியாகத் தெருவும் தெரியும். மேற்கே பீர்க்கங்கொடி பழைய தறிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பாதி மூடியிருந்தது.

எல்லாம் முடிந்து நாங்கள் சாமான்களைப் பொறுக்கும்போது ஆவுடையம்மாள் அண்ணாந்து துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கவாதம் வருகிற வரைக்கும் வீட்டில் உட்கார்ந்து நூல் சுற்றிக் கொடுத்தவர் அவர். நெசவில் எது எங்கே தப்பும் என்று அவருக்குத் தெரியும். இடது கையைத் தூக்கி ஒரு மூலையைக் காட்டினார். அங்கே ஒரு சாண் நீளத்துக்கு இழை விட்டிருந்தது. அதைப் பார்த்து அண்ணாச்சியின் முகம் கூச்சத்தில் சுருங்கியது. தன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரம் நெய்ததுதானே அது என்று கேட்டார் ஆவுடையம்மாள். அண்ணாச்சி தலையை மட்டும் ஆட்டினார்.

"பாத்தாலே தெரியுது. கையி தறியில இருந்திருக்கு, நெனப்பு என்கூட இருந்திருக்கு. இது எந்தலைக்கு மேலேயே கெடக்கட்டும்."

ரெண்டு மணி

சித்திரை ரெண்டாவது வாரம் கோமதி வந்தாள். எங்கள் ஊர் அம்மன் பெயர் அது, தெருவில் நின்று "கோமதி" என்று கூப்பிட்டால் பத்துப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பத்துப் பேரிலும் இவள் தனியாகத் தெரிவாள், அப்படி ஒரு வேகம். நான் கடைசியாக ஒரு தடவை பாயைப் போட்டுப் பார்க்கலாம் என்று ஒன்றரை மணிக்குப் போயிருந்தேன். முன்னறையில் அம்மாவின் சேலைகளும் மருந்துகளும் பையில் கட்டித் தயாராக இருந்தன. நாலு மணிக்குக் கார் சொல்லியிருந்தாள். அண்ணாச்சி தறிக்குப் போகவில்லை. பையைப் பார்ப்பதும் முற்றத்தைப் பார்ப்பதுமாக வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்.

"துணியும் சுண்ணாம்பும் இந்த வெயில நிறுத்திருமாக்கா? நீங்களாவது அப்பாவுக்கு எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்று கோமதி என்னிடம் பாய்ந்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. அம்மா மேல் இருக்கிற பிரியம்தான் அப்படிச் சத்தம் போடுகிறது என்று தெரிந்தது. நான் ஒன்றும் வாதாடாமல் கையில் இருந்த பாயைக் கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்து, நீயே படுத்துப் பார் என்றேன். படுக்க மாட்டேன் என்று பாயில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே அம்மாவின் வராத கையைத் தன் மடியில் எடுத்து வைத்துப் பிடித்துவிட்டுக்கொண்டு பேசினாள். கோயம்புத்தூரில் குளிர்ச்சி, பக்கத்திலேயே டாக்டர், அங்கே வந்தால் பிள்ளைகள் ஆச்சியோடு இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஜன்னல் வழியாகக் காற்று வந்து மேலே இருந்த துணி மெல்ல அசைந்தது. பேச்சு மெதுவானது. "இந்த வெக்கையில எப்படிம்மா மனுசங்க..." என்றவள் முடிக்கவில்லை. சாய்ந்து, சுருண்டு, அம்மாவின் கையைக் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு உறங்கிப்போனாள். சுவரில் மணி ரெண்டு.

அண்ணாச்சி கதவோரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். ராத்திரி பஸ்ஸில் வந்த அசதி என்று பிறகு கொத்தனார் சொன்னார். இருக்கட்டும், எந்த அசதியோடு வந்தாலும் மாசியில் அந்த அறையில் ஒரு ஆள் உறங்கியிருக்க முடியாது, பத்து நிமிசத்தில் ஓடி வந்த நானே சாட்சி. நாலு மணிக்கு வாசலில் கார் ஹாரன் அடித்தது. ஆவுடையம்மாள் புருசனைப் பார்த்து நல்ல கையால் அவசரமாகச் சைகை காட்டி, "ஆரன அடிக்க வேண்டாம்னு சொல்லுங்க, பிள்ள உறங்கிட்டிருக்கா" என்றார். கொண்டுபோக வந்த காரைப் பற்றி அந்த அம்மாவுக்கு வேறு ஒரு கவலையும் இல்லை.

நாலரைக்குக் கோமதி எழுந்தாள். கன்னத்தில் கோரைப்பாயின் வரி வரியாக அச்சு. ஒரு நிமிசம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தாள். அம்மாவைப் பார்த்தாள், மேலே துணியைப் பார்த்தாள், ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் அப்பா பீர்க்கங்கொடிக்குப் போகிற வாய்க்காலில் தண்ணீர் திருப்பிவிடுவதைப் பார்த்தாள். அவளாகவே எழுந்து போய்க் காரை அனுப்பிவிட்டு வந்தாள். பையைப் பிரித்து அம்மாவின் சேலைகளைப் பழையபடி துணிக்கொடியில் மடித்துப் போட்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு முற்றத்துக்குப் போய், அப்பாவைப் பார்க்காமல் வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"யப்பா, இன்னும் ரெண்டு பாயி வாங்கிப் போடுங்க. லீவு முடியுற வரைக்கும் பிள்ளைகளையும் இங்கன கூட்டிட்டு வந்துருதேன்."

ஊரார் வீட்டுக்கெல்லாம் வெள்ளை அடித்துக் கொடுத்த எனக்கு என் வீட்டு மாடியில் ஏற இந்த ஏழு வருசத்தில் நேரம் கிடைத்ததில்லை என்பதால், இப்போதெல்லாம் மதியம் உறக்கம் வந்தால் அளவெடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு ஆவுடையம்மாள் வீட்டுக்குப் போய்விடுகிறேன்.